பதிவேட்டில் ஏறாத மூட்டுவலி

இந்தியாவில் டெங்குவைப் பற்றி எழுதப்படும் ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு தகவல் தவறாமல் தலைகாட்டும். டெங்கு போன்ற காய்ச்சல் இந்நாட்டில் முதன்முதலில் பதிவானது 1780இல், மதராஸில் என்பதே அது. ஆதாரம் என்று ஒரு கட்டுரை இன்னொன்றைக் காட்டும். அதைப் புரட்டினால் அது வேறொன்றைக் காட்டும். 1780இல் வைரஸ் என்ற சங்கதியே யாருக்கும் தெரியாது. கொசு கடித்துக் காய்ச்சல் பரவும் என்பதும் தெரியாது. அப்படியிருக்க, அன்று மதராஸ்காரர்களைப் படுக்கவைத்தது டெங்குதான் என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

நான் இந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்தது மூட்டு வழியாக.

எங்கள் மறைமலை நகர் ஆலைத் தொழிலாளர்களின் ஊர். கார் உதிரிபாகம் செய்யும் பட்டறைகள், ஷிப்ட் பஸ்கள், காலையில் டிபன் பாக்ஸோடு மெயின் கேட் முன்னால் நிற்கும் வரிசை என்று இயங்கும் துணை நகரம். 2006இல் சிக்குன்குனியா வந்தபோது இங்கே பலருக்குக் காய்ச்சல் மூன்று நான்கு நாளில் விட்டுவிட்டது. மணிக்கட்டும் கணுக்காலும் விடவில்லை. போல்ட் முடுக்குகிறவருக்குக் காலையில் விரல் மடங்கவில்லை. குடத்தை இடுப்பில் ஏற்ற முடியவில்லை. பல் துலக்க பிரஷ்ஷைப் பிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. அந்த ஆண்டு நாடு முழுக்க ஏறத்தாழ 13.9 லட்சம் பேருக்கு இந்நோய் இருக்கலாம் என்று மத்திய அரசு கணக்குக் காட்டியது. காய்ச்சல் கணக்கு அது. எத்தனை பேருக்கு மூன்று மாதம் கழித்தும் மூட்டு வீங்கியிருந்தது என்பதற்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

செய்தித்தாள்கள் புதிய நோய், மர்மக் காய்ச்சல் என்று எழுதின. எங்கள் தெருவில் ஒரு வயதான அம்மா மட்டும் அதை ஏற்கவில்லை.

“என்னா தம்பி, புதுசுன்றாங்க? நான் கல்யாணம் ஆயி சைதாப்பேட்டைக்கு வந்தேன் பாரு, அந்த வருஷமே வந்துச்சு. தெருவே நொண்டிக்கினு நடந்துச்சு. எங்க மாமியாருக்கு ஆறு மாசம் கை மடங்கல.”

“எந்த வருஷம்மா?”

“நேரு செத்துப்போன வருஷம்.”

அப்படியானால் 1964. அதற்குமேல் அவரிடம் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒரு மருத்துவ நூலகத்தில் ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்’ இதழின் 1965ஆம் ஆண்டுத் தொகுதியைக் கேட்டு வாங்கினேன். 53ஆம் தொகுதி. அட்டை பெயர்ந்து, முதுகில் துணிப்பட்டை ஒட்டியிருந்தது. அறுநூற்றுத் தொண்ணூறாம் பக்கத்தைத் தாண்டியதும் அந்த அம்மாவின் சைதாப்பேட்டை வந்துவிட்டது. ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டுரைகள். மதராஸ் நகரில் சிக்குன்குனியாவின் நோய்க்குறிகளை எழுதியவர்கள் கே.வி. திருவேங்கடம், கல்யாணசுந்தரம், ராஜகோபால். முதலாமவர் பின்னாளில் பத்மஸ்ரீ பெற்ற, சென்னை மருத்துவ மாணவர்கள் பல தலைமுறையாகப் பெயர் சொல்லும் ஆசிரியர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து ரூத் மையர்ஸ், டொனால்ட் கேரி, பூச்சியியல் அறிஞர் ரேச்சல் ரூபன், குழந்தை மருத்துவர் ஜாதவ், டி ரானிட்ஸ் ஆகியோர் எழுதியிருந்தார்கள். பெரியவர்களுக்கு ஒரு கட்டுரை, குழந்தைகளுக்குத் தனியாக ஒன்று, கொசுவுக்கு இன்னொன்று.

வேலூர்க் குழு நோயாளிகளின் ரத்தத்திலிருந்தும் கொசுக்களிலிருந்தும் சிக்குன்குனியா வைரஸைப் பிரித்தெடுத்தது. இன்றைய பி.சி.ஆர். கருவி அன்று கனவிலும் கிடையாது. காய்ச்சல்காரரின் ரத்தத்தைத் தெளியவைத்து, அந்தச் சீரத்தைப் பிறந்து ஓரிரு நாளே ஆன சுண்டெலிக் குட்டியின் மூளையில் செலுத்துவார்கள். குட்டி நோய்வாய்ப்படுகிறதா என்று நாள்தோறும் பார்ப்பார்கள். பிறகு அதன் மூளையிலிருந்து எடுத்ததை, பெயர் தெரிந்த வைரஸ்களுக்கான எதிர்ப்புச் சீரங்களோடு பொருத்திப் பார்ப்பார்கள். அந்தப் பொறுமைக்குப் பலன் கிடைத்தது. 1963இல் கல்கத்தாவிலும், அடுத்த ஆண்டு மதராஸ், வேலூர், புதுச்சேரியிலும் வந்தது 1952–53இல் தான்சானியாவின் தெற்கில் மகோண்டே பீடபூமியில் மேரியன் ராபின்சன் விவரித்த அதே நோய் என்பது உறுதியானது.

இந்த இடத்தில் கதை முடிந்திருக்கலாம். முடியாததற்குக் காரணம், வேலூரில் அதே பருவத்தில் டெங்குவும் இருந்தது. கேரியும் சகாக்களும் 1969இல் வெளியிட்ட கட்டுரை இரண்டையும் சேர்த்தே பேசுகிறது. ஒரே ஊர், ஒரே கொசு, ஒரே மருத்துவமனை வராந்தா, இரண்டு காய்ச்சல். இரண்டிலும் சூடு திடீரென்று ஏறும், உடம்பில் தடிப்பு வரும், உடல் வலி இருக்கும். டெங்குவில் கண்ணுக்குப் பின்னால் வலிக்கும், முதுகும் தசையும் முறிகிற மாதிரி இருக்கும். தப்பித்தவர் பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் எழுந்துவிடுவார், அசதிதான் மிஞ்சும். சிக்குன்குனியா கை விரல், மணிக்கட்டு, கணுக்கால் என்று சின்ன மூட்டுகளை இருபக்கமும் சேர்த்துப் பிடிக்கும். வீங்கவைக்கும். காலையில் இறுக்கும். காய்ச்சல் போனபின் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், வேறு சிலருக்கு ஆண்டுக்கணக்கில் இருக்கும்.

ராக்பெல்லர் அறக்கட்டளையின் ஆளாக வேலூரில் பணியாற்றிய கேரிக்கு இந்த வேறுபாட்டை அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு அமைந்தது. உலகில் வெகுசிலருக்கே அன்று அது அமைந்திருக்கும். அவர் செய்த அடுத்த காரியம்தான் எனக்குப் பிடித்தது. சோதனைக்கூடத்திலிருந்து நூலகத்துக்கு வந்தார். டெங்கு என்ற பெயரில் இருநூறு ஆண்டுகளாக எழுதி வைத்ததை எல்லாம் மூட்டைத் தேடி மறுபடி வாசித்தார். 1971இல் மருத்துவ வரலாற்று இதழ் ஒன்றில் வந்த அவருடைய கட்டுரை, சிக்குன்குனியாவும் டெங்குவும் ஆள்மாறாட்டம் ஆகிவிட்டனவா என்று கேட்டது.

அவருடைய முதல் சாட்சி ஜாவாத் தீவின் படேவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், அறுவை மருத்துவராக இருந்த டாவிட் பைலன் என்ற டச்சுக்காரர். ஆண்டு 1779. ஊரில் காய்ச்சல் பரவியது, மருத்துவரையும் பிடித்தது. மருத்துவர் நோயாளியாவது ஆராய்ச்சியாளனுக்கு அதிர்ஷ்டம்தான். பிறர் சொன்னதைக் கேட்டு எழுதாமல், தன் உடம்பையே பார்த்து எழுதுவார் அல்லவா? மே 25ஆம் தேதி மாலை ஐந்து மணிக்கு இரண்டு நண்பர்களோடு பேசிக்கொண்டிருக்கையில் வலது கையிலும் முன்கை மூட்டுகளிலும் நோவு தொடங்கியதாகப் பைலன் எழுதுகிறார். அது படிப்படியாகத் தோள் வரை ஏறி, பிறகு கை கால் முழுக்கப் பரவுகிறது. இரவு ஒன்பது மணிக்கு அவர் கடுங்காய்ச்சலோடு படுக்கையில் கிடக்கிறார். ஐந்து நாள் வீட்டோடு இருக்கிறார். இதுவரை டெங்கு என்றும் சொல்லலாம், சிக்குன்குனியா என்றும் சொல்லலாம். ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. மூன்று வாரம் கழித்தும் இரண்டு பாதங்களின் மூட்டுகளும் வலித்து இறுகியிருக்கின்றன, கணுக்கால்கள் வீங்கியிருக்கின்றன, காலையில் எழுந்ததும் நடக்க வரவில்லை, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தாலும் அதே கதி, மாடிப்படி ஏறி இறங்குவது வேதனையாக இருக்கிறது என்கிறார்.

2006இல் எங்கள் ஊர் கிளினிக்கில் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களிடம் கேட்டிருந்தால் இதையேதான் சொல்லியிருப்பார்கள். ரயில்வே ஸ்டேஷன் படிக்கட்டு மட்டும் கூடுதலாகச் சேரும். பைலன் எழுதியதை டெங்குவின் முதல் விவரிப்புகளில் ஒன்று என்று பாடநூல்கள் கொண்டாடிவந்தன. கேரி அந்தக் கணுக்காலைக் காட்டி, இது சிக்குன்குனியாவாக இருக்க வேண்டும் என்றார்.

அடுத்த சாட்சிகள் இந்தியாவில். 1824இல் ஆங்கிலேயருக்கும் பர்மாவுக்கும் முதல் போர். ரங்கூனைப் பிடித்த கம்பெனிப் படையில் மதராஸ் சிப்பாய்கள் பெருந்தொகையினர். அங்கே இந்தக் காய்ச்சல் வந்தது. அதே காலத்தில் கல்கத்தாவிலும் குஜராத்திலும் வந்தது. 1823இல்தான் கல்கத்தாவில் மருத்துவர்கள் கூடி ஒரு மருத்துவச் சங்கம் தொடங்கியிருந்தார்கள். அதன் நடவடிக்கைத் தொகுதிகளில் மெல்லிஸ், ட்வைனிங் போன்றோர் எழுதினார்கள். குஜராத் நிலவரத்தைக் கென்னடி எழுதினார். அவர்களில் யாருக்கும் நோயின் பெயர் தெரியாது. ஒருவர் வாதக் காய்ச்சல் என்பார், இன்னொருவர் தடிப்புக் காய்ச்சல் என்பார். பெயர் தெரியாததால்தான் கண்ணால் கண்டதை எழுதினார்கள் என்று நினைக்கிறேன். நோய்க்குப் பெயர் கிடைத்தபின் வந்த அறிக்கைகள் பெயரை எழுதிவிட்டு எண்ணிக்கைக்குத் தாவிவிடுகின்றன. 1824ஆம் ஆண்டுக் குறிப்புகளில், காய்ச்சல் இறங்கியபின் தொடரும் மூட்டுநோவு திரும்பத் திரும்ப வருகிறது.

அரை நூற்றாண்டு கழித்து மறுபடி. இம்முறை எழுதியவர் ஜேம்ஸ் கிறிஸ்டி, சான்சிபார் தீவில் மருத்துவராக இருந்தவர். 1870இல் அங்கே தொடங்கிய காய்ச்சல் ஏடன் வழியாகப் பம்பாய்க்கு வந்து, கல்கத்தாவுக்கும் மதராஸுக்கும் பரவி, 1871, 72 ஆண்டுகளில் இந்தியாவையே ஆட்டிவைத்தது. கிறிஸ்டி வெள்ளைக்கார அதிகாரிகளிடம் மட்டும் கேட்டு நிறுத்தவில்லை, தீவின் கிழவர்களிடமும் கேட்டார். ஏறத்தாழ 1823இல் இதே நோய் வந்ததாக அவர்கள் சொன்னார்கள். அடுத்த ஆண்டுதான் ரங்கூனும் கல்கத்தாவும். எழுத்தில் இல்லாத தகவல் ஒரு கிழவர் நினைவில் இருந்தது; கிறிஸ்டி அதை எழுதி வைத்ததால் இன்று நமக்கு இந்தியப் பரவல் புறப்பட்ட இடம் தெரிகிறது. கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரை, பாய்மரக் கப்பல், கப்பலில் குடிநீர்ப் பீப்பாய், பீப்பாயில் ஏடிஸ் கொசுவின் புழு. இந்தியப் பெருங்கடலில் பருவக்காற்றோடு போய்வந்த வணிகப் பாதைதான் வைரஸின் பாதையும். 2004இல் கென்யாவின் லாமு தீவிலும் மொம்பாசாவிலும் எழுந்து, 2005, 2006இல் ரீயூனியன் தீவின் மக்களில் மூன்றில் ஒரு பங்கினரைத் தாக்கி, இந்தியாவுக்குள் நுழைந்ததும் ஏறக்குறைய இதே வழி. பாய்க்குப் பதில் விமானம்.

டெங்கு ஆராய்ச்சியிலேயே வாழ்நாளைக் கழித்த ஸ்காட் ஹால்ஸ்டெட், கேரியின் வாதத்தை 2015இல் இன்னும் நீட்டினார். 1827இல் கரீபியக் கடலின் செயின்ட் தாமஸ் தீவில் தொடங்கி, கியூபாவுக்கும் அமெரிக்காவின் தென்பகுதித் துறைமுகங்களுக்கும் பரவிய கொள்ளைநோயும் சிக்குன்குனியாதான் என்றார் அவர். டெங்கு என்ற பெயர் மருத்துவ உலகில் நிலைபெற்றதே அந்தப் பரவலில்தான். அப்படியானால் அந்தப் பெயருக்கு முதல் சொந்தக்காரர் சிக்குன்குனியா. பின்னால் வந்தவர் அதை எடுத்துக்கொண்டுவிட்டார். 2013 டிசம்பரில் கரீபியத் தீவான செயின்ட் மார்ட்டினில் சிக்குன்குனியா தலைகாட்டி, ஓராண்டுக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கியபோது எல்லோரும் புது விருந்தாளி என்றார்கள். ஹால்ஸ்டெட் சொன்னது, பழைய ஆள் திரும்பி வந்திருக்கிறார் என்று.

எல்லோரும் இதை ஏற்கவில்லை. அதே 2015இல் கோரோ குனோ பழைய ஆவணங்களை மறுபடி அலசி, மூட்டுவலியை மட்டும் வைத்து ஒரு கொள்ளைநோயையே ஒரு வைரஸின் தலையில் கட்டுவது அவசரம் என்று எழுதினார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. டெங்குவிலும் மூட்டு நோகும். இரண்டும் கலந்து வரலாம் என்பதற்கு 1963 கல்கத்தாவும் 1964 வேலூருமே சாட்சி. என் தீர்ப்பு இரண்டுக்கும் நடுவில். பைலனின் மாடிப்படி எனக்குப் போதும். மூன்று வாரம் கழித்து வீங்கிய கணுக்காலோடு நின்ற ஒருவர் டெங்குவிலிருந்து எழுந்தவர் என்று நம்புவது கடினம். ஆனால் 1780 மதராஸுக்கு அப்படி ஒரு மாடிப்படி இல்லை. ஆகவே அந்த ஆண்டை டெங்குவின் பிறந்தநாளாக ஒவ்வொரு கட்டுரையிலும் கொண்டாடுவதை நிறுத்திவிடலாம்.

காகிதம் கைவிடும் இடத்தில் ரத்தம் பேசும். 1964க்குப் பிறகு சிக்குன்குனியா மெல்ல ஓய்ந்தது. 1973இல் மகாராஷ்டிரத்தின் பார்சியில் ஒரு பரவல், அதோடு சரி. புனே வைராலஜி நிறுவனத்தின் இயக்குநராக இருந்த கோர்ஷெத் பாவ்ரி 1986இல், இந்தியாவிலிருந்தும் தென்கிழக்கு ஆசியாவிலிருந்தும் இந்த வைரஸ் மறைந்துவிட்டதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். கல்கத்தாவில் 1990களின் நடுவில் ரத்த மாதிரிகளைச் சோதித்தபோது 4.37 சதவீதம் பேரிடம்தான் எதிர்ப்புப் பொருள் இருந்தது. அது யாரிடம் இருந்தது என்பதில்தான் துப்பு. ஐம்பதைத் தாண்டியவர்களிடம் அதிகம், இளைஞர்களிடம் அறவே இல்லை. 1963இன் காய்ச்சல் முப்பது ஆண்டு கழித்தும் அவர்கள் உடம்பில் எழுதி வைத்தபடி இருந்திருக்கிறது. எந்த ஆவணக் காப்பகமும் இவ்வளவு பத்திரமாக வைத்திருக்காது. இதன் மறுபக்கம், 2005இல் வைரஸ் வந்தபோது தடுக்க ஆளில்லை, நாற்பது வயதுக்குக் கீழே எல்லோரும் புது ஆள்.

இன்னொரு துப்பு உறைபெட்டியில் இருந்தது. புனே மாவட்டத்து யவத் என்ற ஊரில் 2000இல் பிடித்த ஏடிஸ் கொசுக்களிலிருந்து சிக்குன்குனியா வைரஸைப் பிரித்து வைத்திருந்தார்கள். 2006 பரவலுக்குப் பிறகு மரபுவரிசையை ஒப்பிட்டால், 1963இலும் 1973இலும் இருந்தது ஆசிய வகை, 2006இல் வந்தது கிழக்கு–மத்திய–தென் ஆப்பிரிக்க வகை. யவத் கொசுவில் இருந்ததும் அந்த ஆப்பிரிக்க வகையே. அதாவது விருந்தாளி நாம் வரவேற்றதற்கு ஐந்தாண்டு முன்னாலேயே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தார். கென்யா, ரீயூனியன், இந்தியா என்று நான் மேலே போட்ட நேர்க்கோடு அவ்வளவு நேரானதல்ல என்பதை அந்தக் கொசு சொல்கிறது.

இனி மூட்டுக்குள் போவோம். ஒரு கொசுக்கடி ஏன் விரல் கணுவில் போய் முடிகிறது? வைரஸ் மூட்டு உறையில் உள்ள இணைப்புத் திசுச் செல்களையும், மூட்டைச் சுற்றிக் காவல் காக்கும் பெருவிழுங்கிச் செல்களையும் விரும்பித் தாக்குகிறது. அது செல்லுக்குள் நுழைய உதவும் வாசற்கதவுகளில் ஒன்றை 2018இல் கண்டுபிடித்தார்கள். எம்.எக்ஸ்.ஆர்.ஏ.8 என்ற புரதம். அது குருத்தெலும்புச் செல்லிலும் இணைப்புத் திசுச் செல்லிலும் இருக்கிறது. முதல் வாரத்து வலிக்கு இது விடை. ஆறாம் மாதத்து வலிக்கு விடை இன்னும் சண்டையில் இருக்கிறது. ரீயூனியனில் 2010இல் வெளிவந்த ஆய்வு, ஒரு நோயாளியின் மூட்டுச் சவ்வில் பதினெட்டு மாதம் கழித்தும் வைரஸின் தடயத்தைக் கண்டது. கொலம்பியாவில் நோய் கண்டு ஏறத்தாழ இரண்டு ஆண்டு ஆன 38 பேரின் மூட்டுநீரை எடுத்து 2018இல் வெளியிட்ட ஆய்வில் வைரஸின் மரபுப்பொருள் ஒருவரிடமும் கிடைக்கவில்லை. வைரஸ் ஒளிந்திருந்து எரிக்கிறதா, அல்லது அது போனபின்னும் நம் எதிர்ப்புச் சக்தி அடங்காமல் எரிகிறதா? மருந்து இந்த விடையைப் பொறுத்தது. மலேரியாவுக்கான குளோரோகுயின் உதவும் என்று 2006இல் பரவலாக நம்பினார்கள். புனேவின் மூட்டுநோய் மருத்துவர் அரவிந்த் சோப்ராவும் குழுவும் அதைச் சாதாரண வலிநிவாரணியோடு ஒப்பிட்டு, கூடுதல் பலன் இல்லை என்று 2014இல் எழுதினார்கள்.

நீடித்த நிலையில் இது ருமாட்டாய்டு என்னும் முடக்குவாதத்தை அச்சாக ஒத்திருக்கும். 2014இல் ஹைட்டிக்குச் சேவைக்குப் போய்த் திரும்பிய அமெரிக்க மருத்துவப் பணியாளர்கள் பத்துப் பேரைப் பரிசோதித்தபோது, எட்டுப் பேர் முடக்குவாதத்தின் அளவுகோல்களுக்கு அப்படியே பொருந்தினார்கள். அவர்கள் எங்கே போய் வந்தார்கள் என்று கேட்காமல் இருந்திருந்தால் ஆண்டுக்கணக்கில் முடக்குவாத மருந்து சாப்பிட்டிருப்பார்கள். நம்மூரில் அதற்கு முன்னாலேயே வேறொரு ஆபத்து. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு மாத்திரை அன்றைக்கு வலியை அமுக்கும், பின்னால் சர்க்கரையையும் எலும்பையும் பதம் பார்க்கும். காய்ச்சலின் முதல் நாட்களில் டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஆஸ்பிரின் வகை மாத்திரைகளும் கூடாது, ரத்தக்கசிவு வரலாம். முடக்கத்தான் தோசையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில், சாப்பிடுங்கள், கூடவே மூட்டுநோய் மருத்துவரையும் பாருங்கள்.

தொற்று மூட்டில் வந்து நிற்பது சிக்குன்குனியாவோடு முடிகிற கதையல்ல. தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி வந்துபோய் இரண்டு மூன்று வாரம் கழித்து, பள்ளிக்கூடப் பிள்ளைக்கு முழங்காலில் தொடங்கி மணிக்கட்டுக்குத் தாவும் வலிதான் ருமாட்டிக் காய்ச்சல். மூட்டு சுவடில்லாமல் ஆறிவிடும், இதய வால்வு ஆறாது. அதனால்தான் அந்தப் பிள்ளைகளுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி. வயிற்றுப்போக்குக்கும் சிறுநீர்ப்பாதைத் தொற்றுக்கும் பிறகு வரும் மூட்டழற்சி வேறொரு வகை. காசநோயும் இந்தப் பட்டியலில் உண்டு. தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் நாள்தோறும் இறங்கி ஏறுபவர்களுக்கு, அந்தப் பெயர் டாக்டர் சவுரிமுத்து 1928இல் தொடங்கிய காசநோய் இல்லத்தால் வந்தது என்பது நினைவிருக்காது. நுரையீரலிலோ நிணநீர்க் கட்டியிலோ காசநோய் இருக்க, கிருமியே போகாத மூட்டு வீங்குவதைப் பிரான்ஸின் லியோன் நகர் அறுவை மருத்துவர் அந்தோனின் போன்சே 1897இல் விவரித்தார். மூட்டுக்கு மருந்து கொடுத்தால் ஆறாது, காசநோய் மருந்தில் ஆறும்.

இதை எல்லாம் படித்துவிட்டு எல்லா மூட்டுவலிக்கும் ஒரு கிருமியைத் தேடப் புறப்படுவதும் ஆபத்து. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைச் செய்து பார்த்தார்கள். சிகாகோவின் பிராங்க் பில்லிங்ஸ் போன்றோர், பல் வேரிலும் தொண்டைச் சதையிலும் ஒளிந்திருக்கும் சீழ்தான் மூட்டு வாதத்துக்கு மூலம் என்றார்கள். ஆயிரக்கணக்கானோர் நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டார்கள். மூட்டு அப்படியே இருந்தது. அறுபது வயதுக்குமேல் வரும் முழங்கால் வலியில் பெரும்பகுதி தேய்மானம். கிருமி அதற்குப் பொறுப்பில்லை.

கணக்கில் வராதது மூட்டு மட்டுமல்ல. 2006இல் சிக்குன்குனியாவால் யாரும் சாகவில்லை என்பது அரசின் நிலை. அகமதாபாதில் திலீப் மாவலங்கரும் குழுவும் மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டை எடுத்தார்கள். அதில் நோயின் பெயரைத் தேடவில்லை. முந்தைய ஆண்டுகளில் அதே மாதங்களில் எத்தனை பேர் இறந்தார்கள், அந்த ஆண்டு எத்தனை பேர் என்று மட்டும் கழித்துப் பார்த்தார்கள். ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை 2,944 பேர் கூடுதல். அத்தனையும் சிக்குன்குனியாவால்தான் என்று அவர்கள் சொல்லவில்லை. அந்த மாதங்களில் நகரத்தில் வேறென்ன நடந்தது என்ற கேள்வியை மட்டும் விட்டுச் சென்றார்கள். பதிவேட்டைக் குடைந்து படிப்பது எப்படி என்று கற்றுக்கொள்ள விரும்பும் மாணவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் கட்டுரை அது.

கடைசியாக ஒரு பெரிய ரத்தக் கணக்கு. சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், 15 மாநிலங்களின் 60 மாவட்டங்களில் 2017இல் எடுத்த மாதிரிகளைச் சோதித்து, 2021இல் முடிவுகளை வெளியிட்டது. நாடு முழுக்க 18.1 சதவீதம் பேருக்குச் சிக்குன்குனியா வந்துபோனதற்கான அடையாளம். தென்மாநிலங்களில் அது 43.1 சதவீதம். மறைமலை நகரில் மின்சார ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பேர் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஆய்வில் சேர்த்த வயது ஐந்து முதல் நாற்பத்தைந்து வரை. 2017இல் நாற்பத்தைந்து என்றால் பிறந்தது 1972 வாக்கில். 1964இல் மதராஸிலும் வேலூரிலும் நொண்டி நடந்தவர்களில் ஒருவர்கூட அந்தக் கணக்கில் இல்லை. அன்று பத்து வயதில் இருந்தவர்கள் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களிடம் ரத்தமும் நினைவும் சேர்த்துக் கேட்பதானால், இன்னும் சில ஆண்டுகளுக்குள் கேட்டாக வேண்டும்.